வியன்னா வைத்தியர் பில்ரோத்

இரைப்பையில் நோயுற்ற பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, எஞ்சியதைக் குடலுடன் சேர்த்துத் தைக்கும் ரண சிகிச்சை ஒன்று உண்டு. அதில் முதல் முறை, இரண்டாம் முறை என இரு வகை. இரண்டையும் உலகெங்கும் வைத்தியர்கள் இன்றளவும் ஒரே மனிதரின் பெயரால் வழங்கி வருகிறார்கள். சென்னைச் செனாய் நகரில் ஒரு மருத்துவமனையும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வழியே போகிறவர்களில் எத்தனை பேர் அப்பெயர் யாருடையது என்று கேட்டிருப்பார்கள்? தியோடோர் பில்ரோத் என்னும் அந்த ஜெர்மானியரைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். அவர் பெரிய வைத்தியர். அதனினும் பெரிய ஆசிரியர். வாழ்நாள் முழுவதும் சங்கீதத்தின் அடிமை. இவை மூன்றும் அவருடைய கீர்த்திக்குப் போதும். ஆனால் அவருடைய கணக்கில் ஒரு பற்றும் உண்டு. அதை மறைத்து அவரைப் போற்றுவது அவருக்கே பிடித்திராது என்று கருதுகிறோம்.

1829ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 26ஆம் தேதி, பால்டிக் கடலிலுள்ள ரூகன் என்னும் தீவில் பெர்கன் என்ற ஊரில் பில்ரோத் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்தவப் பாதிரியார். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போதே அவர் க்ஷயரோகத்தால் காலமானார். ஐந்து ஆண் பிள்ளைகளுடன் விதவையான தாய் கிரைஃப்ஸ்வால்ட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தாள். பள்ளியில் பில்ரோத் மந்தமான மாணாக்கன் என்றே பெயரெடுத்தார். பாடங்களில் தேறுவதற்கு வீட்டில் தனியாக ஆசிரியர் வைக்க வேண்டியிருந்தது. பியானோவின் முன் உட்கார்ந்தால் மட்டும் பையனுக்கு நேரம் போவது தெரியாது. சங்கீதக்காரராகவே வாழ்ந்துவிட வேண்டுமென்பது அவருடைய ஆசை. தாயாரும் குடும்ப நண்பர்களும் சங்கீதம் சோறு போடாது என்று எடுத்துச் சொல்லி வைத்தியப் படிப்பில் சேர்த்தார்கள். நமது வீடுகளில் இன்றும் நடக்கிற பேச்சுத்தான்.

கோட்டிங்கன் சர்வகலாசாலையில் படிக்கும்போது, 1850இல், ஸ்வீடன் தேசத்துப் பாடகி ஜென்னி லிண்ட் அவ்வூருக்கு வந்தாள். அவள் பாட்டைக் கேட்ட பரவசத்தைப் பில்ரோத் தம் தாயாருக்குக் கடிதமாக எழுதினார். மறு வருஷமே அந்தத் தாயும் க்ஷயரோகத்துக்கு இரையானாள். 1852இல் பெர்லினில் வைத்தியப் பட்டம் பெற்றார். பிறகு அந்நகரிலேயே ஓர் அறை எடுத்துத் தொழில் தொடங்கினார். இரண்டு மாதம் கதவைத் திறந்து வைத்திருந்தும் ஒரு நோயாளி கூட வரவில்லை. பிற்காலத்தில் ஐரோப்பாவின் ராஜ குடும்பங்களெல்லாம் தேடிவந்த வைத்தியரின் ஆரம்பம் இப்படி. நல்ல காலமாக, லாங்கன்பெக் என்ற பெரிய ரண வைத்தியர் அவரைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அங்கே கத்தி பிடிக்கவும், பூதக்கண்ணாடியின் கீழ் திசுக்களை ஆராயவும் ஒருங்கே கற்றார். 1860இல், முப்பத்தொரு வயதில், ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் சர்வகலாசாலையில் ரண வைத்திய ஆசிரியரானார்.

ஜூரிச்சில் அவர் செய்த ஒரு காரியத்தை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். அந்தக் காலத்து ரண வைத்தியர்கள் தமக்கு வெற்றியளித்த சிகிச்சைகளையே பத்திரிகைகளுக்கு எழுதுவார்கள். மாண்டவர்களைப் பற்றிப் பேச்சிராது. பில்ரோத்தோ 1860 முதல் 1867 வரை தம் வைத்தியசாலையில் நடந்தவற்றையெல்லாம் தொகுத்துப் பிரசுரித்தார். எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள், வீடு திரும்பியவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் அதில் அடங்கும். தம் கையால் நேர்ந்த பிழையையும் அவர் விலக்கவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு பரவாத காலம் அது. கால் எலும்பு முறிந்து வந்தவன் காயம் சீழ்பிடித்து மாண்டுபோவது வைத்தியசாலைகளில் சர்வ சாதாரணம். அப்படிப்பட்ட நாளில் மரணக் கணக்கை வெளியிடுவதற்கு என்ன துணிவு வேண்டும்! பிறர் அதைக் கண்டு குறை சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. தோல்வியை எழுதிவைக்காத வைத்தியத்தில் அடுத்தவன் கற்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவர் கொள்கை.

ஆசிரியத் தொழிலிலும் இதே நேர்மை. 1863இல் அவர் வெளியிட்ட ரண வைத்திய நூல் ஐம்பது உபந்நியாசங்களாக அமைந்தது. மாணாக்கனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு பேசுவதுபோன்ற நடை. அது பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டு, அக்காலத்து வைத்திய மாணாக்கர்களின் கையில் நீண்ட நாள் புழங்கியது.

பகலில் வைத்தியசாலை, மாலையில் சங்கீதம். ஜூரிச்சில் இருந்தபோது அந்நகரத்துப் பத்திரிகைக்குச் சங்கீத விமரிசனம் எழுதிவந்தார். பியானோ சிறு வயது முதலே கைவந்த வித்தை. அது போதாதென்று, முப்பது வயதுக்குமேல் ஆசிரியர் வைத்து வயோலா கற்றுக்கொண்டார். வயோலா என்பது வயலினைப் போன்றதே. அளவில் சற்றுப் பெரியது. நாதம் சற்றுக் கனமானது. நான்கு நரம்பு வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் குவார்ட்டெட் என்னும் சங்கீத வகையில் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ இருக்கும். அதில் வயோலாக்காரருக்குப் பெரும்பாலும் முன்வந்து ஜொலிக்கும் இடம் கிடைப்பதில்லை. மேலே வயலின், கீழே செல்லோ. இரண்டையும் கேட்டுக்கொண்டே நடுவில் இழைந்து போக வேண்டும். வைத்தியசாலையில் எல்லோருக்கும் தலைவராக நின்ற மனிதர் வீட்டில் விரும்பி எடுத்துக்கொண்ட இடம் இது.

ஜூரிச்சில்தான், 1865ஆம் வருஷத்தை ஒட்டி, யோஹான்னஸ் பிராம்ஸ் என்ற சங்கீத கர்த்தாவின் நட்பு அவருக்கு வாய்த்தது. பிராம்ஸ் இவரைவிட நான்கு வயது இளையவர். 1867இல் பில்ரோத் வியன்னா சர்வகலாசாலைக்கு ஆசிரியராகச் சென்றார். பிராம்ஸும் அந்நகரிலேயே வசித்துவந்தார். அதன் பிறகு கால் நூற்றாண்டு காலம் இருவரும் நெருங்கிப் பழகினார்கள். பிராம்ஸ் புதிதாக ஒன்று இயற்றினால் கையெழுத்துப் பிரதியைப் பில்ரோத்துக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார். அவருடைய குவார்ட்டெட் முதலிய கிருதிகள் பல, சபைக்குப் போகுமுன், பில்ரோத் வீட்டுக் கூடத்தில் நண்பர்களின் முன்னிலையில் வாசித்துப் பார்க்கப்பட்டன. 1878இல் இருவரும் சேர்ந்து இத்தாலிக்கு யாத்திரை போனார்கள், 1881இலும் போனார்கள். கடிதப் போக்குவரத்து ஒரு புத்தக அளவுக்கு மிஞ்சி நிற்கிறது.

1873இல் பிராம்ஸ் தம் முதல் இரண்டு குவார்ட்டெட்டுகளையும் பில்ரோத்துக்குச் சமர்ப்பணம் செய்து பிரசுரித்தார். அந்தச் சமர்ப்பணமே தம்முடைய நல்ல காரியங்களைவிட நீண்ட நாள் தம் பெயரை நிலைநிறுத்தும் போலும் என்று பில்ரோத் ஒரு நண்பருக்கு எழுதினார். அதில் ஒன்றின் கையெழுத்துப் பிரதியையும் பிராம்ஸ் அவருக்கே கொடுத்தார். பில்ரோத் என்ன செய்தார் தெரியுமா? பிராம்ஸ் கைப்பட எழுதியிருந்த பகுதியைக் கத்தரித்தெடுத்து, தம் அறையில் மாட்டியிருந்த பிராம்ஸின் படத்தின்கீழ் ஒட்டிவிட்டார்! அன்பு மேலீட்டால் செய்த காரியம். ஒரு நாள் பிராம்ஸ் அதைக் கண்டு மனம் புண்பட்டார். உடம்பை அறுத்துத் தைக்கத் தெரிந்தவருக்குக் காகிதத்தை அறுக்கக்கூடாது என்பது அந்த ஒரு கணம் தெரியாமற்போயிற்று.

வியன்னாவில் அவர் செய்த ரண சிகிச்சைகள் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. 1873ஆம் வருஷத்தின் கடைசி நாளன்று, புற்றுநோய் பற்றிய ஒருவருடைய குரல்வளையை முழுவதும் அகற்றினார். அந்த நோய்க்கு அவ்வாறு செய்தது அதுவே முதல் தடவை. உயிரைக் காக்கப் போய்க் குரலைப் பறித்துவிடுகிறோமே என்ற கவலை அங்கிருந்தவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். அவருடைய உதவியாளர் குஸ்ஸன்பவர், தொண்டையில் பொருத்தும்படி ஒரு செயற்கைக் குரல்வளையைச் செய்து கொடுத்தார். நோயாளி அதைக்கொண்டு பேசினார். சில மாதங்களில் நோய் திரும்பி அவர் இறந்துபோனார் என்றாலும், குரலிழந்தவர்களைப் பேசவைக்கும் முயற்சி அங்கே தொடங்கிற்று. ஜென்னி லிண்டின் குரலுக்கு உருகிய மாணாக்கனே அந்த வைத்தியசாலையின் தலைவர் என்பதை நினைத்தால் நமக்கு ஒருவித நெகிழ்ச்சி உண்டாகிறது.

மற்றொன்று 1881 ஜனவரி 29ஆம் தேதி நடந்தது. நாற்பத்து மூன்று வயதுடைய ஒரு பெண்மணிக்கு இரைப்பையின் வாயிற்புறத்தில் புற்றுநோய். உணவு தங்காமல் வற்றி மெலிந்து வந்தாள். அதற்கு முன் பிரான்ஸில் 1879இல் பேயான் என்பவரும், போலந்தில் 1880இல் ரிடிகியர் என்பவரும் இதே சிகிச்சையை முயன்று நோயாளியை இழந்திருந்தார்கள். பில்ரோத் திடீரெனத் துணிந்து கத்தியை எடுத்தவரல்லர். அவருடைய உதவியாளர்கள் பல வருஷங்களுக்கு முன்பே பிராணிகளின் இரைப்பையை அறுத்துத் தைத்து, தையல் தாங்குமா, ஜீரண ரசம் அதைக் கரைத்துவிடுமா என்று பரீட்சித்து முடிவுகளை வெளியிட்டிருந்தார்கள். அந்த ஆயத்தத்தின்மேல் நின்றே அவர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வேலை செய்தார். பெண்மணி பிழைத்தாள்; உணவு உண்டாள்; வீடு திரும்பினாள். நான்கு மாதம் கழித்து, நோய் வேறிடங்களில் பரவியதால், இறந்தாள். இதையும் பில்ரோத் ஒளிக்கவில்லை. சிகிச்சை வென்றது, நோய் வெல்லப்படவில்லை என்ற வேறுபாட்டை உலகம் அவருடைய எழுத்திலிருந்தே அறிந்தது.

எல்லாவற்றிலும் அவர் சரியாகவே இருந்தார் என்று சொல்வதற்கில்லை. லிஸ்டர் என்ற ஆங்கில வைத்தியர் கார்பாலிக் திராவகத்தால் காயத்தைக் காக்கும் முறையைச் சொன்னபோது, பில்ரோத் நெடுநாள் சந்தேகத்துடனேயே நின்றார். 1870களின் பிற்பகுதியில்தான் முழு மனத்துடன் ஏற்றார். காயங்களிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றி 1874இல் ஒரு பெரிய நூல் எழுதினார். சங்கிலிபோல் கோத்து நிற்கும் கிருமிக்கு இன்று வழங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பெயர் அவர் இட்டதுதான். ஆனால் பலவகைக் கிருமிகளும் ஒரே தாவரத்தின் பல தோற்றங்கள் என்று அவர் கொண்ட முடிவு தவறு. ராபர்ட் காக் அதைப் பின்னர் தெளிவாக்கினார். பில்ரோத் தம் தவற்றைப் பிடித்துக்கொண்டு வாதாடவில்லை. விஞ்ஞானத்தில் தவறு செய்வதும் திருத்திக்கொள்வதும் அவருக்கு இயல்பாகவே வந்தன.

விஞ்ஞானத்துக்கு வெளியே செய்த தவறு அவ்வளவு எளிதில் திருந்தவில்லை.

ஜெர்மானிய சர்வகலாசாலைகளில் வைத்தியம் கற்பிப்பதையும் கற்பதையும் குறித்து அவர் எழுதிய நூல் ஒன்று 1876ஆம் வருஷத் தேதியுடன் வெளிவந்தது. வைத்தியக் கல்வியின் சரித்திரத்தைப் பற்றியும், ஆசிரியன் எப்படி இருக்கவேண்டும் என்பது பற்றியும் அரிய விஷயங்கள் அதில் இருக்கின்றன. அதே நூலில், ஹங்கேரியிலிருந்தும் கலீஷியாவிலிருந்தும் வியன்னாவுக்கு வந்து வைத்தியம் படித்த ஏழை யூத மாணாக்கர்களைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். போதிய பூர்வக் கல்வியும் பொருளும் இல்லாமல் இவர்கள் வந்து குவிகிறார்கள், இது தொழிலுக்குக் கேடு என்றார். அதோடு நின்றிருந்தால் அதைப் படிப்பின் தரம் பற்றிய கவலை என்று சமாதானம் சொல்லலாம். அவர் நிற்கவில்லை. யூதர்கள் தனி ஜாதியார். ஜெர்மன் பாஷை பேசினாலும், ஜெர்மன் கல்வி கற்றாலும் ஒரு யூதன் ஜெர்மானியனைப்போல் உணர முடியாது என்றும் எழுதிவிட்டார்.

எழுதியவர் தெருவில் போகிற ஒருவரல்லர். அச்சர்வகலாசாலையின் மிகப் பெரிய ஆசிரியர். அவர் சொல்லைக் கேட்டுத் தேச வெறிகொண்ட மாணாக்கர்கள் யூத மாணாக்கர்கள்மேல் பாய்ந்தார்கள். கல்லூரிக்குள்ளேயே கலகம் நடந்தது. தம் சொல் இப்படிப் பயன்படும் என்று பில்ரோத் எதிர்பார்க்கவில்லை என்பார் உளர். இருக்கலாம். காயத்தில் எந்தக் கிருமி எப்படிப் பரவும் என்று வருஷக்கணக்காக ஆராய்ந்தவர், சொல் பரவும் விதத்தை ஒரு நாளாவது யோசித்திருக்கக் கூடாதா?

நாம் இதில் மிகவும் வருந்துவது வேறொன்றுக்காக. அந்த ஏழை மாணாக்கர்களின் நிலை பில்ரோத்துக்குப் புதிதன்று. தகப்பனில்லாத வீட்டில் வளர்ந்தவர் அவர். தனி ஆசிரியர் இல்லாவிட்டால் பள்ளியைத் தாண்டியிருக்கமாட்டார். வியன்னாவிலும் அவர் அந்நியர்தான். 1866இல் பிரஷ்யா ஆஸ்திரியாவைப் போரில் முறியடித்தது. மறு வருஷமே பிரஷ்யாவில் பிறந்த இந்த மனிதரை வியன்னா அழைத்துத் தன் முதன்மையான ஆசனங்களில் ஒன்றில் உட்கார வைத்தது. பிறந்த ஊரைக் கேட்டு அந்நகரம் கதவைச் சாத்தவில்லை. அவர் உயிராக மதித்த சங்கீதத்தையே பார்ப்போம். பிராம்ஸின் ஆப்த நண்பரும் அக்காலத்து வயலின் வித்வான்களுள் தலைசிறந்தவருமான யோவாகிம், ஹங்கேரி ராஜ்யத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவின் பெயர்பெற்ற சங்கீத கர்த்தா கோல்ட்மார்க்கும் ஹங்கேரியில் பிறந்த யூதரே. அவர்கள் வாசிப்பிலும் இயற்றலிலும் எந்த ஸ்வரம் அந்நியமாக ஒலித்தது? நான்கு வாத்தியங்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்கப் பழகிய காது இதைக் கேட்கவில்லை. பிறப்பைக் கொண்டு மனிதனின் தகுதியை அளக்கும் வழக்கத்தால் நொந்த தேசம் நமது. ஆகையால் இந்தப் பக்கங்களை நம்மால் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை.

அவர் அங்கேயே தங்கிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வருஷங்கள் சென்றன. வியன்னாவில் யூத துவேஷம் ஒரு கட்சிக் கொள்கையாகவே வளர்ந்தது. 1891இல் அதை எதிர்ப்பதற்கென்று அந்நகரில் ஒரு சங்கம் ஏற்பட்டபோது, பில்ரோத் அதில் வெளிப்படையாகச் சேர்ந்து தம் பெயரைக் கொடுத்தார். அன்று அந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம். அவர் பிரபுக்கள் சபையின் அங்கத்தினரும் ஆவார். முன்பு எழுதியதைத் துடைக்க இது போதுமா? போதாது. அந்தப் புத்தகம் அச்சில் இருக்கிறது. பின்வந்த துவேஷிகள் அதை எடுத்துக் காட்டவும் தவறவில்லை. ஆயினும் அறுபது வயதுக்குமேல், புகழின் உச்சியில், தாம் பற்றவைத்த நெருப்புக்கு எதிராகத் தண்ணீர்க் குடத்துடன் வந்து நின்றவர்களை நாம் அதிகம் கண்டதில்லை.

அவர் செய்த மற்றொரு நன்மையையும் இங்கே குறிப்பிடுகிறோம். ரண சிகிச்சை எவ்வளவு திறமையாக நடந்தாலும், பிறகு நோயாளியைப் பேணுகிறவர்கள் பயிற்சியில்லாதவர்களாயிருந்தால் எல்லாம் வீண் என்று அவர் கண்டார். 1881இல் வீட்டிலும் வைத்தியசாலையிலும் நோயாளியைப் பேணும் முறை பற்றி எளிய நடையில் ஒரு நூல் எழுதினார். மறு வருஷம் ருடால்ஃபினர்ஹவுஸ் என்ற நிலையம் வியன்னாவில் தோன்றியது. மத பேதம் பாராமல் பெண்களைச் சேர்த்துத் தாதியர் தொழில் கற்பிப்பது அதன் நோக்கம். அதே 1882இல், குருவான லாங்கன்பெக் வகித்த பெர்லின் ஆசனம் அவரைத் தேடி வந்தது. ஜெர்மானிய வைத்திய உலகில் அதற்குமேல் ஒரு பதவி இல்லை. பில்ரோத் மறுத்துவிட்டு வியன்னாவிலேயே தங்கினார். பிராம்ஸ் இருந்த நகரத்தைவிட்டுப் போக மனம் வரவில்லை என்பதும் காரணங்களுள் ஒன்றாக இருந்திருக்கும் என்பது நம் ஊகம்.

சீடர்கள் விஷயத்தில் அவருக்கு நிகரானவர் அரிது. ஷெர்னி ஹைடல்பர்க்குக்கும், மிக்குலிச் கிராக்கோவுக்கும் பிறகு பிரெஸ்லாவுக்கும், குஸ்ஸன்பவர் லீஜுக்கும் பிராகாவுக்கும், வொல்ஃப்ளர் கிராட்ஸுக்கும், ஐஸல்ஸ்பர்க் ஹாலந்துக்கும் ஆசிரியர்களாகப் போனார்கள். இளம் வைத்தியன் பல வருஷம் குருவின் அருகில் இருந்து, பிரேதத்திலும் பிராணிகளிலும் பழகி, பிறகே நோயாளியைத் தொடவேண்டும் என்ற முறை அவர்கள் வழியாகப் பல தேசங்களுக்கும் சென்றது. நமது சங்கீத வித்வான்கள் குருகுலத்தில் கற்ற விதத்தை இது நினைவூட்டுகிறது. விஞ்ஞானமும் கலையும் ஒரே கற்பனா சக்தியிலிருந்து பிறப்பவை என்பது பில்ரோத்தின் உறுதியான நம்பிக்கை. தம் சீடர்களில் மிக்குலிச் நன்றாகப் பியானோ வாசிப்பார் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை இருந்திருக்க வேண்டும்.

1887இல் கடும் நிமோனியா கண்டு அவர் சாகும் தறுவாய்க்குப் போய் மீண்டார். இருதயம் பழைய பலத்தை அடையவில்லை. கடைசி வருஷங்களில் பிராம்ஸுடனும் மனஸ்தாபம் உண்டாயிற்று. பிராம்ஸ் முன்கோபி, சபையில் நண்பரையும் சுடுசொல் சொல்லிவிடுவார், நோயுற்ற பில்ரோத்தால் அதை முன்போல் சிரித்துத் தள்ள முடியவில்லை. நட்பு முறிந்துவிடவில்லையாயினும் பழைய நெருக்கம் குறைந்தது.

இந்தத் தனிமையான நாட்களில் அவர் ஒரு நூலை எழுதிக்கொண்டிருந்தார். சங்கீத ஞானமுள்ளவன் யார் என்ற கேள்வியே அதன் தலைப்பு. சிலருக்கு ஒரு முறை கேட்ட மெட்டு நெஞ்சில் நிற்கிறது. சிலருக்கு நூறு முறை கேட்டாலும் நிற்பதில்லை. இந்த வேறுபாடு உடம்பில் எங்கே இருக்கிறது? வைத்தியருக்கே உரிய முறையில் அவர் இதை ஆராயத் தொடங்கினார். தாளத்துக்கு ஒத்து நடக்க முடியாத சிப்பாய்கள் எத்தனை பேர் என்று ராணுவ அதிகாரிகளை விசாரித்தார்! காதையும், நரம்பையும், ஞாபக சக்தியையும் பற்றிக் குறிப்புகள் சேர்த்தார். தாம் அறுபது வருஷம் அனுபவித்த இன்பத்தின் காரணத்தை அறிந்துவிட வேண்டுமென்ற தாகம் அது.

நூல் முடியவில்லை. 1894 பிப்ரவரி 6ஆம் தேதி, ஆட்ரியாட்டிக் கடற்கரையில் அப்பாஸியா என்ற ஊரில் அவர் காலமானார். இன்று அவ்வூர் குரோஷியாவில் ஒபாட்டியா என்ற பெயருடன் இருக்கிறது. உடலை வியன்னாவுக்குக் கொண்டுவந்து மத்திய மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அரைகுறையாக நின்ற கையெழுத்துப் பிரதியை அவருடைய நண்பரும் சங்கீத விமரிசகருமான ஹான்ஸ்லிக் ஒழுங்குபடுத்தி மறு வருஷம் பிரசுரித்தார். மூன்று வருஷம் கழித்து, 1897 ஏப்ரலில், பிராம்ஸும் அதே மயானத்துக்கு வந்து சேர்ந்தார்.